நாற்பது நாள் தண்ணீர்

நீங்கள் இப்போது குடியிருக்கிற ஊர்களின் பெரிய கடைகளில், குளிர் அடிக்கும் தட்டுகளில், வெண்ணெய்க் கட்டியின் மேல் ஒரு பசுவின் முகம் அச்சடித்திருக்கும். மான் நிறம். மை எழுதினதுபோலக் கண் ஓரம். கறுத்த மூக்கைச் சுற்றி, மாப்பானைக்குள் வாய் வைத்து எடுத்ததுபோல ஒரு வெள்ளை வளையம். நீங்கள் விலையைப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு போவீர்கள். நான் அந்தத் தட்டுப் பக்கம் போவதில்லை.

என்னோடு நெடுந்தீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, அந்த முகத்தை உங்களில் சிலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். மாவிலித்துறையில், இறங்குதுறைக் கல்லில் ஏறி நின்று சிரித்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கோபமில்லை. நானும் சிரித்தேன். எனக்குப் பத்து வயது. என் ஐயா வீட்டோடு இருப்பதற்கென்று வந்து இறங்கிய நாள் அது.

எங்கள் தீவில் பாதி வீடுகளுக்குத் தகப்பன் என்பவர் ஒரு பருவகாலம். எனக்கும் அப்படித்தான். சித்திரையில் ஒரு முறை, தையில் ஒரு முறை. தகரப் பெட்டியைத் திறந்தால் தேயிலைத் தூளும் லீக்ஸும், பெயர் தெரியாத ஒரு குளிரும் மணக்கும். அந்த மணம் வீட்டை விட்டுப் போகுமுன் ஐயா போய்விடுவார். மலைநாட்டில் எங்கள் தீவார் ஒருவருடைய கடையில் பதினாறு வருடம் நின்றவர். அவர் போகிற நாளில் நான் துறைக்குப் போவதில்லை. குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் இருந்து சாம்பலில் கோடு கீறுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று கதை எழும்பியதும், கடைக்கு மேலே மலையில் இருந்த வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போக மூட்டை கட்டினார். பங்களாவுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஐயாதான். துரையின் தொழுவத்தில் நின்ற ஜேர்சிப் பசுக்களை வருடக்கணக்காகப் பார்த்து ஏங்கியவரும் அவர்தான். பதினாறு வருடத்தின் கடைசியில் கைக்கு வந்ததைக் கொடுத்து, அந்தத் தொழுவத்திலிருந்து சினைப்பட்ட ஒரு நாகு, இன்னும் கன்று போடாத இளம் பசு, வாங்கினார். ரயிலில் ஏற்றி, லொறியில் ஏற்றி, குறிகட்டுவான் துறையில் நாலு காலையும் கட்டி வள்ளத்துக்குள் வைக்கோல் மேல் கிடத்தி, கடல் கடத்திக் கொண்டுவந்தார்.

துறையில் கூடியவர்கள் விடுவார்களா. ஒருவர் கேட்டார், "அண்ணை, மலையிலை மரைமானைப் பிடிச்சுக் கட்டிக்கொண்டு வந்திட்டியளோ? மாடெண்டால் கொம்பு எங்கை?"

"இதுகும் தீவு மாடுதான், உங்களைப்போலை" என்றார் ஐயா. "ஆனால் இது ஒழுங்காக் குளிச்சு வளர்ந்தது."

சிரிப்பு. கட்டை அவிழ்த்ததும் அவள் எழும்பி, நடுங்கி, துறைக் கல்லில் ஒரு முறை சறுக்கி, பிறகு அத்தனை பேரையும் பெரிய கண்களால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். யாரோ "துரைசாணி" என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்று பின்னேரம் ஐயா என்னுடைய பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் விரித்து, இங்கிலாந்துக்குக் கீழே கடலுக்குள் விரலால் தடவி ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். ஜேர்சி என்பது ஒரு தீவின் பெயர். அந்தத் தீவின் மாடுகளுக்கும் அதே பெயர். பிறகு இலங்கையின் தலைக்கு இடப்பக்கம் தடவி எங்கள் தீவையும் காட்டினார். அதுவும் ஒரு புள்ளிதான்.

"பார் பிள்ளை. அங்கையும் நாலு பக்கமும் கடல். அங்கையும் உப்புக் காத்து. அங்கையும் கரையிலை ஒதுங்கிற பாசியை, சாதாளையை அள்ளித்தான் தோட்டத்துக்குப் போடுகினமாம், எங்கடை சனம் புகையிலைக்குப் போடுறமாதிரி. துரை தன்ரை வாயாலை சொன்னது. மலையிலைதான் இவள் பிறத்தியாள். இஞ்சை ஊருக்கு வந்தமாதிரி."

அம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டு ஒரேயொரு சொல்தான் கேட்டா.

"தண்ணி?"

"தண்ணியும் எங்கடைமாதிரித்தான் இருக்கும். தீவுதானே."

அந்தத் தீவைப் பற்றி நான் பிறகு படித்திருக்கிறேன். வருடம் முழுக்க மழை தூறும் இடம். புல்லுக்கு நடுவே ஓடைகள் ஓடும், குடித்தால் இனிக்கும் ஓடைகள். துரை அதைச் சொல்லவில்லை, தண்ணீர் இனிக்கும் என்பதை யார்தான் தனியாக எடுத்துச் சொல்வார்கள். ஐயா அதைக் கேட்கவில்லை. எங்களுக்குத் தீவு என்றாலே கிணற்றில் உவர். அவர் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவைக் கணித்தார். வெளியூரான் எவனும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான்.

ஏற்பாடு இதுதான். துரைசாணி கார்த்திகையில் கன்று போடுவாள். பால்மா டின்னுக்குக் கூப்பன் கடையில் முண்டியடித்த காலம் அது. பால் கறந்தால், வீட்டு வாசலிலேயே வாங்கிப் போக ஆள் இருக்கும். பால் நின்றுபிடித்தால் ஐயா இனிக் கடைக்குப் போகமாட்டார். இல்லையென்றால் போகவேண்டும், தை வரைக்கும் இடம் வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது நான் பனையோலை கிழித்துக்கொண்டிருந்தேன். தை என்ற சொல் என் காதுக்குள் ஒரு முள்ளைப்போல ஏறி நின்றது. பங்களாவிலிருந்து ஐயா நீலக் கரை போட்ட அகலமான எனாமல் தட்டம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார், பாலை ஊற்றி ஆடை படியவிடுகிற தட்டம். அம்மா அதைச் சீலையால் துடைத்து அலுமாரிக்கு மேல் வைத்தா. அதற்குள் ஒருநாளும் பால் விழவில்லை. எங்கே போனதோ அந்தத் தட்டம்.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்களுக்கு மறந்திருக்கும், குழாயைத் திறந்து திறந்து.

எங்கள் வீட்டுக் கிணறு உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்கவென்றால் தெற்கே முக்கால் மணி நேரம் நடந்து நல்ல தண்ணிக் கிணறுகளுக்குப் போகவேண்டும். சோளகக் காற்று வீசத் தொடங்கி நிலம் வெடித்ததும் அந்தக் கிணறுகளும் அடி தெரியும். அப்போது வீட்டுக்கு நாலு குடம் என்று முறை. முறையைப் பார்ப்பவ கிணற்றடிக்குப் பக்கத்தில் குடியிருந்த அக்கா ஒருத்தி. கண்ணால் எண்ணுவா, வாயால் குத்துவா. "துரைசாணி முகம் கழுவிறதுக்கும் இதுதானோ கொண்டுபோறியள்?" என்று ஒருநாள் கேட்டா. அம்மா சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றினா.

தீவின் மாடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஊருக்கு வெளியே வெட்டை வெளியில் தோண்டி விட்டிருக்கும் துரவுக் குழிகளில் கிடக்கிற உவரைக் குடித்து, கல்வேலி நிழலில் படுத்து எழும்பும். வன்னியிலிருந்து வாங்கி வருகிற மாடுகளைத்தான் பழக்கவேண்டும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருந்தது: நாற்பது நாள். முதல் நாள் முழுக்க நல்ல தண்ணி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்லதைக் குறைத்து உவரைக் கூட்டி, நாற்பதாம் நாள் முழுக்க உவர். அதற்குப் பிறகு அந்த மாடு தீவு மாடு.

ஆனி மாதம் ஐயா தொடங்கினார். தினம் பின்னேரம், இரண்டு பெரிய வாளி. அவர் கலக்குவதைப் பார்க்கவேண்டும், மருந்து கலக்குகிறவரைப்போல, சிரட்டையால் அளந்து அளந்து. துரைசாணி முழுவதையும் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பது என் வேலை. கலக்கிவிட்டு அவர் மேல் கழுவப் போவார்.

ஏழெட்டு நாள் குடித்தாள். பிறகு மூக்கை நனைத்துவிட்டு எடுத்தாள். வாளி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளில் கண் குழி விழுந்தது, வயிற்றோரத்தில் எலும்பு தெரிந்தது. நான் அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா கொட்டிலுக்கு வந்து நின்றா. மாட்டின் கழுத்தைத் தடவினா. ஐயாவிடம் சொல்வா என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. பதினாறு வருடம் தனிய இருந்த ஒருத்தி, புருஷனின் ஒரே நம்பிக்கையைக் கையால் தட்டிவிடப் பயந்தா. தட்டிவிட்டால் அவர் தை வரைக்கும் காத்திருக்கமாட்டார்.

அடுத்த நாள் மத்தியானம், லோஞ்ச் படகு வருகிற நேரம். பேப்பர் வாங்கவும் துறையில் கதைக்கவும் ஐயா போய்விட்டார். அம்மா நல்ல தண்ணிக் குடத்தைத் தூக்கி வந்து துரைசாணிக்கு முன்னால் வாளிக்குள் சரித்தா. அவள் இழுத்துக் குடித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும், ஈரச் சீலையைக் கிழிக்கிறதுபோல. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னா:

"ஐயாவுக்குச் சொல்லாதை. பின்னேரம் மிச்சத்தை முருங்கையடியிலை ஊத்து."

அப்படித் தொடங்கியது. ஐயா வாளியில் குறைத்த நல்ல தண்ணியை அம்மா மத்தியானத்தில் கொடுத்தா. அவர் எவ்வளவு குறைத்தாரோ அவ்வளவு. மாடு தெளிந்தது, தோல் மினுங்கியது, சினை வயிறு தெரிந்தது. ஐயா முற்றத்தில் நின்று பார்த்து, தொடையில் தட்டிக்கொள்வார். வாசிகசாலையில் போய் அளப்பார், ஊர் மாட்டைவிடக் கெதியாப் பழகுது, இரத்தத்திலை இருக்கிற குணம் எங்கை போறது என்று. முருங்கை மட்டும் இலை மஞ்சளித்துக் கொட்டிக்கொண்டே வந்தது. அதற்கு வெக்கை என்றார்.

ஒருநாள் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்னப்பா, சீனிக்குப் பதிலா உப்புப் போட்டனீரோ?"

"சீனியே கூப்பனுக்குத்தானே வருது. உப்பெண்டால் கொள்ளையாக் கிடக்கு" என்றா அம்மா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாடு உவருக்குப் பழகப் பழக வீட்டில் நல்ல தண்ணி மிஞ்சவேண்டுமே, பிறகேன் தேத்தண்ணி கரிக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தார். நாங்கள் மூவரும் சந்தோஷமாக இருந்தோம். பொய்யின் மேல் ஒரு வீடு எவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் எழும்பினால் ஐயாவின் செருமல் கேட்கும். பள்ளிக்கூடத்தால் வந்தால் அவர் வேட்டி கொடியில் ஆடும். எனக்கு அது போதும்.

நாற்பதாம் நாள் முழுக்க உவர். துரைசாணி மூக்கை வைத்தாள். ஐயா கண் கலங்கியதுபோலத் திரும்பிக்கொண்டார். அன்று பின்னேரமே கதிரையை இழுத்துப் போட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதினார்: இனி வரேல்லை, என்ரை இடத்தை ஆருக்கும் குடுங்கோ. காலை லோஞ்சில் கடிதம் போய்விட்டது.

இரண்டு நாள் கழிய வைக்கோல் முடிந்தது. ஓலையும் இல்லை, குழையும் இல்லை. ஊர் மாடுகள் எல்லாம் மேற்கே வெட்டைக்குப் போய்விட்டன, கடலோரத்தில் கொஞ்சம் புல் இருக்கிறது என்று. ஐயா கயிற்றை அவிழ்த்தார்.

"இஞ்சருங்கோ" என்றா அம்மா. "இன்னும் பத்து நாள் பாப்பமே."

"நாப்பது நாள் முடிஞ்சுதல்லோ. கண்ணாலை பாத்தனீர்தானே, எப்பிடி நிக்கிறாள் எண்டு."

"சினை மாடு. வெயில்."

"நீர் பயப்பிடாதையும். இவள் இப்ப எங்கடை மாடு."

அம்மா வாயைத் திறந்தா. அந்த வாய்க்குள் ஒரு முழு வசனம் இருந்தது. நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டா. ஐயா மாட்டை மேற்கே கொண்டுபோய், வெட்டையில் மாடு பார்க்கிற அண்ணையிடம் விட்டுவிட்டு, மத்தியானத்துக்கு முன்பே விசிலடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் வெள்ளாப்பிலேயே அம்மா என்னை எழுப்பிச் சின்னக் குடத்தில் நல்ல தண்ணி ஊற்றித் தந்தா. பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம், அவளைத் தேடிக் குடு என்றா. இன்னொன்றும் சொன்னா, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு:

"அவள் குடியாட்டில், இல்லையெண்டால் நீ அவளைக் காணாட்டில், வந்து சொல்லு. நான் இண்டைக்கே ஐயாவிட்டை எல்லாத்தையும் சொல்லி, போய்க் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுறன்."

நான் போனேன். வெட்டை உங்களுக்குத் தெரியும். நிழல் என்பது கல்வேலியின் ஒரு முழம். சோளகம் புழுதியை அள்ளிக் கண்ணில் அறையும். தூரத்தில் தீவின் காட்டுக் குதிரைகள் நின்றன. மாடுகள் நின்றன, கறுப்பு, சிவப்பு, புள்ளி. மான் நிறத்தில் ஒன்றையும் காணவில்லை. அண்ணையைக் கேட்டேன், அங்காலை எங்கையோ நிண்டது என்று கையை வீசினார். அங்காலே போனேன். ஒரு துரவு, இன்னொரு துரவு, ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. வெயில் தலையில் ஏறி நின்றது. குடம் இடுப்பில் தளும்பித் தளும்பிக் குளிர்ந்தது. ஒரு கல்வேலியோரம் இருந்து ஒரு வாய் குடித்தேன். நல்ல தண்ணி. வீட்டில் ஒரு மாதமாக நாங்கள் உவர் குடித்துக்கொண்டிருந்தோம், உங்களுக்கு விளங்கும்தானே. இன்னொரு வாய் குடித்தேன். நிறுத்த முடியவில்லை. குடம் பாதியானதும் மிச்சத்தைக் கொண்டுபோக வெட்கமாயிருந்தது. அதையும் குடித்தேன்.

வெறுங் குடத்தோடு வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா முற்றத்தில் நின்றா.

"குடிச்சவளோ?"

தோல்வியைச் சொல்லப் பயந்தேனா, அடிக்குப் பயந்தேனா. இல்லை. ஐயா கேட்டுக் கோபப்பட்டு மலைக்குப் போய்விடுவார் என்றுதான் பயந்தேன். அப்படித்தான் ஐம்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

"ஓம்."

"முழுக்கவோ?"

"ஓமம்மா. முழுக்க."

அம்மா மூச்சை விட்டா. ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் நான் காய்ச்சலில் படுத்தேன், அது உண்மைக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாளும் படுத்திருந்தேன். நாலாம் நாள் காலை அண்ணை படலையில் வந்து நின்று, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

துரவடியில் அவள் கிடக்கவில்லை. வெட்டைக்கும் ஊருக்கும் இடையில், ஒரு கல்வேலிக்கு அந்தப் பக்கத்தில் முழங்கால் மடித்துக் கிடந்தாள். வேலி ஓரமாக மேலும் கீழும் நடந்த குளம்படி மண்ணில் இருந்ததாம். முகம் கிழக்கே, எங்கள் வீட்டுப் பக்கம். மத்தியான வாளியைத் தேடி வந்திருக்கிறாள். கன்று உள்ளேயே போய்விட்டது.

ஐயா அழவில்லை. கணக்குப் போட்டார். சிரட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாள் இவ்வளவு, பத்தாம் நாள் இவ்வளவு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். தண்ணியிலை பிழையில்லை, என்றார். நாப்பது நாள் குடிச்ச மாடு. துறையிலை பட்ட கண்ணூறோ, துரை ஏதும் வருத்தத்தை மறைச்சு வித்தவனோ என்று ஒரு கிழமை யோசித்தார். பிறகு யோசிப்பதையும் விட்டார். தைக்கு முன்பே கடைக்குப் போனார். அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றதால் பின்னுக்கு மூட்டை அடுக்குகிற வேலைதான் கிடைத்தது. அந்த முறை நான் துறைக்குப் போனேன். லோஞ்ச் புள்ளியாகும்வரை நின்றேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தா; அந்தக் கை எலும்பாக இருந்தது.

பத்து வருடம் அப்படியே போனது. தமிழர் கடைகள் எரிந்த அந்த எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகு, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களுக்குள் ஐயாவும் இருந்தார். சாரமும் யாரோ கொடுத்த சேட்டும். வலது காது கேட்காது. வீட்டோடு இருக்க வந்துவிட்டார். பத்து வயதில் நான் கேட்டது இருபது வயதில் கிடைத்தது.

நாள் முழுக்க வெறுங் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, நேற்றைய கதையைத் தொடர்கிறவரைப்போலக் கேட்டார்.

"நாப்பது நாளும் நீதானே பிள்ளை பக்கத்திலை நிண்டனி. அவள் ஏன் செத்தவள்?"

எனக்கு இரக்கம் வந்தது. அவ்வளவு காலமும் ஒரு மனிதர் விடை தெரியாமல் இருக்கிறாரே, உண்மை தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இருபது வயதின் மடத்தனம். மத்தியான வாளியைச் சொன்னேன். முருங்கையடியைச் சொன்னேன். அம்மா கொடுத்த நல்ல தண்ணியைச் சொன்னேன். என்னுடைய குடத்தைச் சொல்லவில்லை.

அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டார். தேத்தண்ணி ஆறி மேலே ஆடை படர்ந்தது.

"அப்ப தண்ணிதான்" என்றார் கடைசியில். "நல்ல தண்ணிக் கிணத்தடியிலை ஒரு கொட்டில் போட்டுக் கட்டியிருந்தால் இருந்திருப்பாள்."

தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் இருந்திருப்பன்" என்றார்.

அம்மாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, சத்தம் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா குடத்திலிருந்து நல்ல தண்ணி கோலி வைக்கிற செம்பை அவர் தொடவில்லை. தாகமெடுத்தால் எழும்பிப் போய், வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு, உவரை அள்ளி நின்றபடியே குடித்துவிட்டு வருவார். இரண்டு மாதம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அவவும் கிணற்றடிக்குப் போய் உவரை அள்ளத் தொடங்கினா.

நான் மட்டும் தினமும் தெற்கே நடந்து போய் ஒரு குடம் கொண்டுவந்தேன். அந்த வீட்டில் நல்ல தண்ணி குடித்தது நான் ஒருத்திதான்.